கம்பெனிக்குத் தெரியாமல் பிறந்த சைக்கிள்

சைக்கிள் பிரேக்கிலிருந்து புகை கிளம்பும் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1970களில் அது வாடிக்கை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் டாமல்பையஸ் மலையும் அதை ஒட்டிய குன்றுகளும் வரும். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே, காட்டுத் தீ அணைக்கும் வண்டிகள் ஏறுவதற்காக வெட்டிய மண் பாதை ஒன்று இருக்கிறது. மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கிவிடும் பாதை. நெடுகச் சரளைக்கல், மழைநீர் அரித்த பள்ளம், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாத திருப்பங்கள். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அந்த இறக்கத்தில் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து கிளம்பினால் பாதை கொள்ளாது. அதனால் ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, கடிகாரம் பார்த்து நேரம் குறித்தார்கள். ஆலன் பாண்ட்ஸ் வென்றார். அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்று அந்தக் கூட்டத்தார் பிற்பாடு சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்தச் சைக்கிள்களில் பலவற்றில் கையால் பிடிக்கும் பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் உலோகத் துண்டுகள் விரிந்து உள்சுவரை உரசி வண்டியை நிறுத்தும். தெருவில் பேப்பர் போடும் பையனுக்கு அது போதும். நாலைந்து நிமிடம் விடாமல் மலையிறங்கினால் என்ன ஆகும்? உரசல் சூட்டில் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் உருகி, கொதித்து, புகையாக வெளியேறும். கீழே வந்து சேரும்போது ஹப் காய்ந்து கிறீச்சிடும். ஹப்பைப் பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸை அடைத்துப் பூட்டினால்தான் மறுபடி ஓட்டலாம். அந்த வேலையின் பெயரையே பாதைக்கும் வைத்து ‘ரீபேக்’ என்றார்கள். உலகம் முழுக்க இன்று கோடிக்கணக்கில் புரளும் மலைச் சைக்கிள் தொழிலின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று, கிரீஸ் படிந்த இந்தக் கைகளால் எழுதப்பட்டது.

வண்டிகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் சுவாரஸ்யம். சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1933இல் தடித்த பலூன் டயர் பொருத்திய சைக்கிளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 26 அங்குலச் சக்கரம், இரண்டு அங்குலத்துக்கும் சற்று அதிகமான டயர் அகலம், கனத்த இரும்புச் சட்டம். பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த காலத்தில் பிள்ளைகளைக் கவர்வதற்காகச் செய்த வண்டி அது. மோட்டார் சைக்கிள்போலத் தெரிய வேண்டும் என்று போலிப் பெட்ரோல் டேங்கெல்லாம் வைத்த மாடல்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெல்லிய டயரும் பத்து கியரும் உள்ள ரேஸ் சைக்கிள்களுக்குப் பெரிய மோகம் வந்தது. பழைய பலூன் டயர் வண்டிகளை யாரும் சீந்தவில்லை. கொட்டகைகளிலும் காயலான் கடைகளிலும் சில டாலருக்குக் கிடைத்தன. மரின் இளைஞர்கள் அவற்றை வாங்கி மட்கார்டு, ஸ்டாண்டு, போலி டேங்க் என்று வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். மிச்சம் இருந்ததற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘கிளங்கர்’. நம் ஊரில் ‘டப்பா வண்டி’ என்போமே, ஏறக்குறைய அதுதான்.

அவற்றிலும் ஷ்வின் எக்செல்சியர் என்ற பழைய மாடலின் சட்டத்துக்குத் தனி மவுசு. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து, இரு சக்கரங்களுக்கும் இடையே நீளம் அதிகமாக இருக்கும். பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி தலைகுப்புறக் கவிழாது. அதை வடிவமைத்தவர்கள் மலையை நினைத்துச் செய்யவில்லை. பள்ளிக்கூடப் பையன் தடுமாறாமல் ஓட்டட்டும் என்று செய்த வண்டி, நாற்பது ஆண்டு கழித்து மலைக்குப் பொருந்திப் போனது.

மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தது யார் என்ற வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. மரின் கூட்டத்தின் கேரி ஃபிஷர் என்பார்கள் சிலர், அதே கூட்டத்தின் ஜோ பிரீஸ் என்பார்கள் வேறு சிலர். ஜான் ஃபின்லி ஸ்காட் என்பவர் 1953லேயே ஷ்வின் சட்டத்தில் பலூன் டயரும் கியரும் பூட்டிக் காட்டில் ஓட்டியிருக்கிறார். பிற்பாடு சமூகவியல் பேராசிரியரானவர் அவர். பாரிஸ் புறநகரில் 1951 முதல் 1956 வரை ஓர் இளைஞர் கூட்டம் சைக்கிளைத் திருத்தி மேடு பள்ளங்களில் மோட்டார் சைக்கிள்காரர்களைப் போலவே பாய்ந்தது. இங்கிலாந்தில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுபவர்களுக்கென்று 1955இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். இன்னும் பின்னே போனால், 1897இல் அமெரிக்க ராணுவத்தின் கறுப்பினச் சிப்பாய்கள் இருபது பேர் மோன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கிலோமீட்டரைச் சைக்கிளிலேயே கடந்தார்கள். வழியில் பல இடங்களில் சாலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

இத்தனை பேரில் ஒருவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு நகர்வது சுலபம். ஆனால் கேள்வியே பிசகு. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் சைக்கிளை மண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பாரிஸில் நிலைக்காதது மரினில் நிலைத்தது எப்படி என்று கேட்டால்தான் உருப்படியான விடை வரும். அந்த விடை ஒரு மேதையின் மூளையில் இல்லை. ஒன்றோடொன்று பொருந்திய நட்டு, போல்ட்டுகளில் இருக்கிறது.

1974 டிசம்பர் 1 அன்று மரினில் இருக்கும் மில் வேலியில் நடந்த ஒரு பந்தயத்தைப் பார்க்கலாம். ரேஸ் சைக்கிளைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டியும் தோளில் சுமந்தும் ஓடும் சைக்ளோகிராஸ் பந்தயம் அது. அங்கே குபர்டினோவிலிருந்து ரஸ் மஹோனும் கூட்டாளிகளும் வந்து இறங்கினார்கள். இன்று ஆப்பிள் கம்பெனியின் தலைமையகம் இருக்கிறதே, அதே குபர்டினோதான். தங்கள் கூட்டத்துக்கு ‘மாரோ டர்ட் கிளப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாரோ என்பது ஒரு பழைய பெடல் பிரேக் ஹப்பின் பிராண்டு. அவர்கள் கொண்டுவந்தவை மரின்காரர்களிடம் இருந்தது போன்ற பலூன் டயர் வண்டிகள்தான். ஆனால் அவற்றில் டெரெய்லர் கியர் இருந்தது, அதை மாற்ற ஹேண்டில்பாரில் கட்டைவிரலால் தள்ளும் லிவர் இருந்தது. மரின்காரர்கள் அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றியோ மேலே கொண்டுபோய் இறங்கிக்கொண்டிருந்தவர்கள். கியர் இருந்தால் மிதித்தே ஏறலாம் என்று அன்றைக்குத்தான் கண்ணெதிரே பார்த்தார்கள். மரின் கூட்டத்தின் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் மூவரும் அங்கே இருந்தார்கள். குபர்டினோ கூட்டம் கொஞ்ச காலத்தில் கலைந்துபோனது. வரலாற்றில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அடிக்குறிப்பு அளவுதான். அது நியாயமில்லை.

அடுத்து ஃபிஷர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். சட்டம் ஷ்வின் எக்செல்சியர். பிரேக், இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளுக்கான டிரம் பிரேக். அதை இழுக்கும் லிவர் மோட்டார் சைக்கிளுடையது. சாதாரண சைக்கிளின் லிவருக்கு அந்த இழுவை போதாது. கியர்கள் தொலைதூரப் பயணச் சைக்கிளிலிருந்து வந்தவை. சீட்டை ஏற்றவும் இறக்கவும் ஸ்பானர் வேண்டாம், ஒரே தள்ளில் கழலும் கிளாம்ப் போதும். ஏறும்போது சீட் உயரமாகவும் இறங்கும்போது தாழ்வாகவும் இருந்தால் உயிருக்கு உத்தரவாதம். ஐந்து பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல் ஹப் பழைய பெடல் பிரேக் ஹப்பைவிட அகலம் என்பதால் சட்டத்தின் பின்பக்கக் காதுகளைக் கொஞ்சம் அகட்ட வேண்டும். இரும்பு வளைந்து கொடுத்தது. ஐரோப்பியச் சாமான், ஜப்பான் சாமான், மோட்டார் சைக்கிள் சாமான், 1930களின் சிகாகோச் சட்டம் எல்லாம் ஒரே வண்டியில் சேர்ந்து உட்கார்ந்தன. கொஞ்சம் அரம், கொஞ்சம் சுத்தியல். அவ்வளவுதான்.

இதைச் செய்தவர்கள் யார்? ஃபிஷர் பந்தய வீரர். 1960களில் முடியை நீளமாக வளர்த்ததற்காகப் பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டவர். கெல்லி ஒரு ராக் இசைக்குழுவுக்கு மேடைச் சாமான் தூக்கிப் பிழைத்தவர். ரீபேக் பந்தயங்களை நடத்தியவரும் பிற்பாடு ‘ஃபேட் டயர் ஃப்ளையர்’ பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவரும் அவர்தான். பிரீஸின் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். அந்தக் காலத்தை இன்று நாம் படங்களாகப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு வெண்டி கிராக் காரணம். ஆண்களின் கூட்டத்தில் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியோடு கேமராவையும் சுமந்து மலையேறிய பெண்மணி. கண்டுபிடித்தவர் பட்டியல்களில் அவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

கொலராடோ மலையில் இருக்கும் கிரெஸ்டட் பியூட் என்ற ஊரின் கதை இன்னும் வேடிக்கை. ஆஸ்பனிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர் 3,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் பேர்ல் கணவாயைத் தாண்டி வந்து, ஊர் மதுக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்தி அலட்டினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1976 செப்டம்பரில் தங்கள் டப்பா வண்டிகளை எடுத்துக்கொண்டு அதே கணவாய் வழியாக ஆஸ்பனுக்குப் போனார்கள். பெரும்பாலும் தள்ளிக்கொண்டு, இடையில் கூடாரமடித்துக் குடித்துக்கொண்டு. 1978இல் கலிஃபோர்னியாக் கூட்டமும் அங்கே போய்ச் சேர, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த இரண்டு ஊர்களும் கை குலுக்கிக்கொண்டன.

பழைய சட்டங்கள் ரீபேக்கில் அடிபட்டு உடையத் தொடங்கியதும், அதற்கென்றே புதுச் சட்டம் செய்யச் சொல்லி கெல்லி பிரீஸைக் கேட்டார். 1977இல் பிரீஸ் குரோம் மாலி ஸ்டீல் குழாய்களைப் பற்றவைத்துத் தன் முதல் வண்டியைக் கட்டினார். மொத்தம் பத்து வண்டிகள். முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. எல்லாப் பாகமும் புதிது. சாய்வுக் கோணத்தை மட்டும் எக்செல்சியரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். மலையில் நம்பி இறங்கக்கூடிய கோணம் எது என்பதை எந்த எஞ்சினியரும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கவில்லை, காயலான் சட்டம் சொல்லியிருந்தது. ரீபேக்கில் மொத்தம் 24 பந்தயங்கள் நடந்தன, அவற்றில் பத்தில் பிரீஸ் வென்றார். ஆனால் 4 நிமிடம் 22 விநாடி என்ற சாதனை ஃபிஷருடையது. பிரீஸின் நேரம் இரண்டே விநாடி அதிகம்.

1979இல் டாம் ரிச்சி சட்டம் கட்ட, ஃபிஷரும் கெல்லியும் அவற்றுக்குப் பாகங்கள் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். கடைக்கு வைத்த பெயர் ‘மவுண்டன்பைக்ஸ்’. வண்டி ஒன்று 1,300 டாலருக்கு மேல், அன்றைக்கு அது கண்ணைக் கட்டும் விலை. பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றார்கள், முடியவில்லை. அதனால்தான் இன்று எந்தக் கம்பெனியும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் பையில் வந்திருக்க வேண்டிய காசு போனது. ஊருக்கு லாபம்.

கம்பெனிகள் என்ன செய்துகொண்டிருந்தன? ஷ்வினைப் பற்றிச் சொல்லும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இதே கலிஃபோர்னியாவில் சிறுவர்கள் சின்னச் சைக்கிளுக்கு உயர்ந்த ஹேண்டில்பாரும் வாழைப்பழ வடிவ சீட்டும் மாட்டி ஓட்டுவதைப் பார்த்து, 1963இல் ஸ்டிங் ரே என்ற மாடலைப் போட்டுக் கொள்ளை லாபம் பார்த்த கம்பெனி அது. தெருவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதற்குத் தெரிந்திருந்தது. தன் பழைய வண்டியே மலையில் புது அவதாரம் எடுத்தபோது மட்டும் பாராமுகமாக இருந்துவிட்டது. 1978இல் ‘கிளங்கர் 5’ என்ற பெயரில் ஒரு வண்டி போட்டார்கள்தான். பழைய கனத்த சட்டத்தில் ஐந்து கியரைப் பூட்டி அரைமனதாக விட்ட வண்டி அது, சீக்கிரமே காணாமல் போனது. 1992இல் ஷ்வின் திவால் மனு போட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் அவற்றில் ஒன்று.

வாய்ப்பைப் பிடித்தவர் மைக் சின்யார்ட். அவருடைய ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி, ரிச்சியின் வண்டியை முன்மாதிரியாக வைத்து ஜப்பானில் செய்வித்து, 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடலைச் சந்தையில் இறக்கியது. விலை 750 டாலர். அடுத்த ஆண்டே பாகம் செய்யும் கம்பெனிகளான ஷிமானோவும் சன்டூரும் மலைச் சைக்கிளுக்கென்று தனிப் பாகத் தொகுதிகளைக் கொண்டுவந்தன. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். ரீபேக் தொடங்கி ஒலிம்பிக்ஸ் வரை இருபதே ஆண்டுகள்.

பாகங்கள் கிடைப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி இங்கிலாந்தின் ஜெஃப் ஆப்ஸ். மோட்டார் சைக்கிள் டிரையல் போட்டிகளில் ஊறியவர். சேற்றுக்காகவே தானாகச் சைக்கிள் வடிவமைத்தார். பின்லாந்தில் பனிக்காலத்துக்கென்று செய்யும் முள் டயர்களை அதில் மாட்டிப் பார்த்தார். 26 அங்குலத்தைவிடப் பெரிய சக்கரம் மேடு பள்ளத்தில் சுலபமாக உருளும் என்று கண்டு, 1980களின் தொடக்கத்தில் அந்த டயர்களைக் கலிஃபோர்னியாவுக்கும் அனுப்பிவைத்தார். ஃபிஷர், கெல்லி இருவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் டயர் வரத்து சீராக இல்லை. அதனால் மலைச் சைக்கிள் 26 அங்குலத்திலேயே நின்றது. பெரிய சக்கரத்துக்கேற்ற தடித்த மலை டயர் சந்தைக்கு வர 1990களின் இறுதி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் 29 அங்குல வண்டிகள் பரவின. யோசனை இருபது ஆண்டு முன்பே வந்துவிட்டது, ரப்பர்தான் வரவில்லை.

மந்தக் காலத்தில் சிகாகோக் கம்பெனி பிள்ளைகளுக்காக வைத்த அந்த 26 அங்குலம், விலையுயர்ந்த மலைச் சைக்கிள்களில் 2010கள் வரை ஆண்டது. தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் பட்டை டயரும் ஷாக் அப்சார்பருமாக வரிசையில் நிற்கும் வண்டிகளில் இன்றும் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை மலையைப் பார்க்கப் போவதில்லை. டியூஷனுக்கும் கடைக்கும் போகிற வண்டிகள். அந்த ஷாக் அப்சார்பர் இரண்டு வருடத்தில் ஆட்டம் கண்டால் திறந்து பார்க்க வழியிருக்காது. முழு ஃபோர்க்கையே மாற்ற வேண்டியதுதான். அதே கடையில் மூலையில் சாய்ந்திருக்கும் முப்பது வருடப் பழைய கறுப்புச் சைக்கிளுக்கோ கடைக்காரர் டப்பாவிலிருந்து பால்ரஸை எடுத்துப் போட்டு, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

விலை உயர உயர, திறந்து பார்க்க விடாத இந்தப் பூட்டு இறுகுகிறது. பின்சக்கர அச்சின் அகலம் 135 மில்லிமீட்டராக இருந்தது 142 ஆனது, பிறகு 148. பெடல் அச்சு உட்காரும் துளைக்கு ஏகப்பட்ட அளவுகள். ஒரு கம்பெனியின் பல்சக்கரம் இன்னொரு கம்பெனியின் ஹப்பில் ஏறாது. கியர் மாற்ற பேட்டரி, அதைச் சரிசெய்ய செல்போன் ஆப். ஃபிஷருக்கு நாலு காசு கிளாம்ப் செய்த வேலையை, சீட்டை ஏற்றி இறக்கும் வேலையை, இன்று மூடி முத்திரையிட்ட ஹைட்ராலிக் குழாய் செய்கிறது. இடையில் 1980களில் பிரீஸே நண்பரோடு சேர்ந்து ஒரு சாதாரண ஸ்பிரிங்கை வைத்து அதைச் செய்துகாட்டினார். யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம்.

பழைய காலம் பொற்காலம் என்று இதற்கு அர்த்தமில்லை. ரீபேக்கில் ஃபோர்க் முறிந்து விழுந்தவர்கள் உண்டு, புகைந்த பிரேக் பிடிக்காமல் மரத்தில் மோதியவர்கள் உண்டு. இன்றைய டிஸ்க் பிரேக்கை ஒற்றை விரலால் நம்பலாம். அகலமான அச்சு சக்கரத்தை உறுதியாக்குகிறது என்பதும் உண்மை. ஆட்சேபம் முன்னேற்றத்தின் மேல் இல்லை. ஒவ்வொரு முன்னேற்றமும் தன் பின்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு போவதன் மேல். இன்றைக்கு ஒரு பதினெட்டு வயதுப் பையன் 2015ஆம் வருட கார்பன் ஃபைபர் சட்டத்தைக் காயலான் விலைக்கு வாங்கினாலும், அதன் காதுகளை அகட்ட முடியாது. அகட்டினால் முறியும். தன் காலத்துச் சக்கரம் அதில் ஏறாது. குபர்டினோக் கூட்டம் செய்ததை அவன் செய்ய முடியாது.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் சின்ன உலோகக் கொக்கிக்கு ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருந்தன. பயணத்தின் நடுவே அது வளைந்தால் உங்கள் மாடலுக்கான கொக்கி எந்தக் கடையிலும் இருக்காது. 2019இல் ஸ்ராம் கம்பெனி எல்லாச் சட்டத்துக்கும் பொதுவான ஒரே வடிவத்தை அறிவித்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றது. போட்டிக் கம்பெனிகளுக்குச் சட்டம் கட்டுகிறவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பல கம்பெனி வண்டிகளைக் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தது. ஆனால் 2023இல் அதே கம்பெனி, கொக்கியே இல்லாமல் அந்தத் துளையில் நேரடியாக உட்காரும் புதுக் கியரை வெளியிட்டது. அந்தப் பொது அளவு இல்லாத பழைய சட்டங்களில் அது ஏறாது. பொது அளவைப் பரப்பியது தாராளமா, வியாபாரமா என்று கேட்டால் இரண்டும்தான். இருக்கட்டும். அளவு பொதுவாகவே இருக்கிறது, அதை வைத்து வேறு என்ன பூட்டலாம் என்று எங்காவது ஒரு பட்டறையில் யாராவது அரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத் தடையில்லை.